தோன்றா எழுவாயும் ஒரு வாளித் தண்ணீரும்

நாவலுக்கு விமரிசனம் எழுத ஆள் இருக்கிறது. சினிமாவுக்கு, படம் பார்க்காதவர்கள்கூட எழுதுகிறார்கள். நோட்டீஸுக்கு எழுதத்தான் யாரும் இல்லை. தமிழ்நாட்டில் ஏராளமாக அச்சாகி, எல்லார் கைக்கும் போய்ச் சேர்ந்து, பாதிப் பேரால் சுருட்டிக் காது குடையப் பயன்படும் இலக்கிய வகை அது. இந்த வாரம் அந்தக் குறையைத் தீர்த்து வைக்கலாம் என்றிருக்கிறேன்.

எடுத்துக்கொண்ட படைப்பு: 'விபத்தில்லா, மாசில்லா தீபாவளி கொண்டாடுவோம்'. ஆசிரியர் பெயர் இல்லை. வெளியீடு எங்கள் குடியிருப்போர் சங்கம். மஞ்சள் தாளில் ஒரு பக்கம். இரண்டு மூலையிலும் புஸ்வாணம், நடுவில் சிரிக்கும் குடும்பம் (அப்பா கோட்டு சூட்டில் இருக்கிறார். தீபாவளிக்கு கோட்டு போட்ட அப்பாவை மாம்பலத்தில் நான் பார்த்ததில்லை). வருஷா வருஷம் ஐப்பசி பிறந்தால் லிஃப்டில் ஒட்டுவார்கள், வாட்ஸப்பிலும் வரும். உங்கள் வீட்டுக்கும் இதே நோட்டீஸ் வந்திருக்கும், மேலே சங்கத்தின் பெயர் மட்டும் மாறியிருக்கும்.

மொத்தம் பதினைந்து அறிவுரைகள். உட்கார்ந்து பொறுமையாகப் படித்தால், இது ஒருவர் எழுதியதல்ல, பல காலத்தில் பலர் கைபட்டது என்று தெரியும். மூன்றாவது அறிவுரை, 'ஓலைக் குடிசைகளுக்கு அருகில் ராக்கெட் விட வேண்டாம்' என்கிறது. எங்கள் தெருவில் கடைசி ஓலைக் கூரை போய் முப்பது வருஷம் ஆகிறது. ஆக, அது பழைய அடுக்கு. பதினொன்றாவது, 'சானிடைசர் தடவிய கையால் பட்டாசைத் தொட வேண்டாம்' என்கிறது. அது 2020 தீபாவளியின் இடைச்செருகல். அன்றைக்கு மிக நியாயமான எச்சரிக்கை. ஆல்கஹால் ஆயிற்றே, பற்றிக்கொள்ளும். இன்றைக்கு எங்கள் கட்டடத்தில் சானிடைசர் பாட்டில் இருக்கும் ஒரே இடம் வாட்ச்மேன் மேஜை. அதில் அவர் கோந்து வைத்திருக்கிறார்.

சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் இப்படித்தான் அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்ப்பார்கள். ஆனால் சுவடியில் பிழை இருந்தால் யாருக்கும் கால் பொத்துப் போகாது.

அதற்கு வருகிறேன். முதலில் நடை.

பெரும்பாலான வாக்கியங்கள் 'வும்' என்று முடிகின்றன. 'வாளியில் தண்ணீர் வைத்துக்கொள்ளவும். பருத்தி ஆடை அணியவும். பெரியவர்கள் மேற்பார்வையில் வெடிக்கவும். குனிவதைத் தவிர்க்கவும்.' பள்ளிக்கூடத்தில் தோன்றா எழுவாய் என்று ஒன்று படித்திருப்பீர்கள். வாக்கியத்தில் எழுவாய் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இருக்கும். 'வா' என்றால் 'நீ' உள்ளே ஒளிந்திருக்கிறது. இந்த நோட்டீஸில் அது ஒளிந்துகொள்ளக்கூட இல்லை. 'தண்ணீர் வைத்துக்கொள்ளவும்' என்றால் யார் வைக்க வேண்டும்? பட்டாசு கொளுத்துவது அப்பாவும் காலேஜ் பையன்களும். அம்மா அடுப்படியில் இருக்கிறாள். வாட்ச்மேன் முதல் நாள் ராத்திரியே ஊருக்கு பஸ் ஏறிவிட்டார். வாளியை நிரப்ப வேண்டிய அந்த நபர், இலக்கணத்தில் போலவே எங்கள் காம்பவுண்டிலும் தோன்றுவதே இல்லை.

அடுத்து, பொருள். இதை எழுதியவர் (அல்லது எழுதியவர்கள்) தமிழ்நாட்டில் தீபாவளி கொண்டாடியிருக்கிறாரா என்றே எனக்குச் சந்தேகம். 'மாலை வேளையில் விளக்கேற்றிய பின்...' என்று ஆரம்பிக்கிறார். வடக்கத்திக்காரர்களுக்கு அது சரி, அவர்கள் தீபாவளி சாயங்காலம்தான். நமக்கு விடியற்காலை. எண்ணெய் தேய்த்துக் குளித்து, லேகியம் விழுங்கி, மஞ்சள் தடவிய புதுத்துணி போட்டுக்கொண்டு, தூக்கம் கலையாத கண்ணோடு இருட்டில் தீக்குச்சி கிழிக்கிற பண்டிகை. சுப்ரீம் கோர்ட்டுக்கே இந்த விஷயத்தை எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. 2018 அக்டோபர் 23-ம் தேதி தீர்ப்பில், தீபாவளியன்று ராத்திரி 8 முதல் 10 வரைதான் வெடிக்கலாம் என்றார்கள். எங்கள் ஊரில் காலையில்தான் என்று தமிழக அரசு போய்ச் சொன்ன பிறகு, ஒரே வாரத்தில், இரண்டு மணி நேரம்தான் கணக்கு, எந்த நேரம் என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று தளர்த்தினார்கள். காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று அரசு நேரம் குறித்தது அப்படித்தான். இந்த ஆறு-ஏழு, ஏழு-எட்டு எங்கள் நோட்டீஸில் எங்கேயும் இல்லை. நேரம் போட்டால் மெம்பர்கள் கோபித்துக்கொள்வார்களாம்.

இன்னொரு பெரிய விடுபடல் மழை. டெல்லியில் தீபாவளிக்குப் பனிமூட்டம், நமக்கு அடைமழை. வடகிழக்குப் பருவக்காற்று வருகிற அதே வாரங்களில்தான் இந்தப் பண்டிகையும் வருகிறது. பாதி வீடுகளில் பட்டாசு நமுத்துப் போயிருக்கும். அதைக் காயவைக்கிறேன் என்று அடுப்புக்குப் பக்கத்தில், டிவி பெட்டி மேல், இன்வர்ட்டர் மேல் எல்லாம் பரப்பிய மனிதர்களை எனக்குத் தெரியும். (ஒருவர் என் மைத்துனர். படித்தவர்.) நமுத்த புஸ்வாணம் பற்றாது. திரி புகைந்து அணைந்த மாதிரி பாவனை செய்யும். அப்போதுதான் அப்பா பக்கத்தில் போய்க் குனிந்து, 'என்னடா இது' என்று ஊதிப் பார்ப்பார். 'குனிவதைத் தவிர்க்கவும்' என்று நோட்டீஸ் சொல்கிறது, சரி. ஏன் குனிகிறான் என்று அது யோசித்ததே இல்லை. இரண்டு வார்த்தை போதும்: 'பற்றாத வெடியை விட்டுவிடு. கால் மணி கழித்துத் தூரத்திலிருந்து தண்ணீரை ஊற்று.'

துணி விஷயமும் இப்படித்தான். 'பருத்தி ஆடை அணியவும்.' பண்டிகையே புதுத்துணிக்கு என்று நினைக்கிற எட்டு வயசுப் பெண்ணிடம் பட்டுப் பாவாடையைக் கழற்று என்றால் நடக்குமா? உண்மையில் அசல் பட்டு அத்தனை சுலபமாகப் பற்றி எரியாது. பட்டு மாதிரி பளபளக்கிறதே, அந்த நைலான், பாலியெஸ்டர்தான் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். துப்பட்டாவை இழுத்து இடுப்பில் கட்டு, நைலான் பாவாடையைக் கோயிலுக்குப் போகும்போது போட்டுக்கொள் என்றால் குழந்தை கேட்கும்.

இப்போது, நோட்டீஸின் மிக மோசமான வரி. எண் ஏழு. 'சிறு குழந்தைகளுக்குப் பாம்பு மாத்திரை, கம்பி மத்தாப்பு போன்ற ஆபத்தில்லாதவற்றை மட்டும் கொடுக்கவும்.'

முறுக்கு பொரிக்கிற எண்ணெய் ஏறக்குறைய 180 டிகிரி. அந்தப் பக்கம் குழந்தை வந்தால் அலறுகிறோம். எரியும் கம்பி மத்தாப்பு ஆயிரம் டிகிரியைத் தாண்டும். அதை நாமே பற்ற வைத்துக் குழந்தை கையில் கொடுத்து, போட்டோவுக்குச் சிரிக்கச் சொல்கிறோம். அணைந்த பிறகும் கம்பி கொஞ்ச நேரம் சூட்டோடுதான் கிடக்கும், சிவப்பு போனதும் பார்ப்பதற்குச் சாதுவாக இருக்கும்.

பாம்பு மாத்திரை அதற்கு மேல். 2016-ல் புனேயில் ஒரு நெஞ்சக ஆராய்ச்சி நிறுவனமும் பல்கலைக்கழக மாணவர்களும் சேர்ந்து ஒவ்வொரு பட்டாசாகக் கொளுத்தி, நுண்தூசியை அளந்து பார்த்தார்கள். நுரையீரலின் அடிவரை போகக்கூடிய பி.எம். 2.5 தூசி. பட்டியலில் முதல் இடம் சரவெடிக்கு இல்லை, பாம்பு மாத்திரைக்கு. ஒரு கன மீட்டருக்கு 64,500 மைக்ரோ கிராம் வரை போயிற்று. பரிசோதித்ததில் குறைவாக வந்தது புஸ்வாணம், 4,860. (ஒரு நாள் சராசரிக்கு நம் நாட்டு வரம்பு 60. சில நிமிஷத்து உச்சத்தையும் நாள் சராசரியையும் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது, இருந்தாலும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.) பாம்பு மாத்திரைக்குச் சத்தம் இல்லை, தீப்பொறி இல்லை. குழந்தை அதன் மேல் கவிழ்ந்து உட்கார்ந்து, பாம்பு வளர்வதை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறது. 'ஆபத்தில்லாதவை' என்ற அந்தச் சொல்லை எழுதியவர் சத்தத்தைத்தான் ஆபத்து என்று நினைத்திருக்கிறார்.

சத்தத்தையாவது ஒழுங்காகச் சொல்கிறாரா? 'சரவெடிகளைத் திறந்தவெளியில் மட்டும் வெடிக்கவும்.' மேலே சொன்ன அதே 2018 தீர்ப்பில் சரவெடி மொத்தமாகத் தடை. பேரியம் உப்பு தடை. எங்கள் சங்கம் தடை செய்யப்பட்ட ஒன்றை எப்படிப் பாதுகாப்பாகச் செய்வது என்று சொல்லிக்கொடுக்கிறது. வரி எத்தனை பழசோ, நகல் எடுக்கிறவர்கள் படிக்கவில்லை. கடைசியில் 'பசுமைப் பட்டாசு வெடிப்போம்' என்று புதுசாக ஒரு கோஷம் வேறு. பசுமைப் பட்டாசு என்பது நீரி என்ற அரசு ஆராய்ச்சி நிறுவனம் கலவையை மாற்றி உருவாக்கியது. புகைத் தூசி சுமார் 30 சதவீதம் குறையும். நல்லதுதான். ஆனால் பசுமை என்ற பெயரைக் கேட்டதும், அது கொளுத்தினால் துளசிச் செடி முளைக்கும் என்கிற தைரியம் வந்துவிடுகிறது. போன தடவை மூன்று பங்கு வாங்கியவர், 'பசுமைதானே சார்' என்று இந்தத் தடவை ஐந்து பங்கு வாங்கினால் கணக்கு எங்கே போகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

இது வரைக்கும் ரொம்ப சாமர்த்தியமாக எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு விஷயம் சொல்லவில்லை. இந்த நோட்டீஸ் இரண்டு வருஷத்துக்கு முன் என் கைக்கு வந்தது.

செகரட்டரி கொண்டுவந்து கொடுத்தார். "சார், நீங்க எழுதறவரு. கொஞ்சம் தமிழ் மட்டும் பார்த்துக் குடுங்க." பார்த்துக் கொடுத்தேன். 'பட்டாசு கடை'யில் ஒற்று இல்லை, 'பட்டாசுக் கடை' என்று திருத்தினேன். 'தவிற்கவும்' என்றிருந்ததைத் 'தவிர்க்கவும்' ஆக்கினேன். மொத்தம் ஒன்பது பிழை. பாம்பு மாத்திரை வரியில் ஒரு காற்புள்ளி சேர்த்தேன் என்பது நன்றாக ஞாபகம் இருக்கிறது. பெருமையாகத்தான் இருந்தது.

போன தீபாவளி காலை, ஆறேகால் மணி இருக்கும். மழை விட்டு லேசாகத் தூறல். இரண்டாவது மாடிக் குழந்தை, எட்டு வயசு, என்னைத் தாத்தா என்று கூப்பிடும். கம்பி மத்தாப்பு கொளுத்திக்கொண்டிருந்தது. அவள் அப்பா பக்கத்திலேயே இருந்தார், நோட்டீஸில் சொன்னபடி மேற்பார்வை. ஈரத் தரையில் செருப்பு வழுக்குகிறது என்று கழற்றி ஓரமாக வைத்திருந்தாள். எரிந்து முடிந்த கம்பிகளை எங்கே போடுவது? வாளி இருந்தது. நிஜமாகவே இருந்தது, லிஃப்டுக்குப் பின்னால், உள்ளே துடைப்பத்தோடு. கம்பிகளைத் தரையில் போட்டுக்கொண்டே வந்தார்கள். அவள் பின்னால் ஒரு அடி எடுத்து வைத்தாள்.

அந்தக் குரலைப் பற்றி எழுதப் போவதில்லை.

பாட்டி மேலேயிருந்து, "டூத் பேஸ்ட்டைக் கொண்டாங்க, டூத் பேஸ்ட்" என்று கத்தினார். யாரோ இங்க் என்றார்கள். ஒருவர் ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸ் எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். நான் நோட்டீஸின் கடைசி வரியை நினைத்துப் பார்த்தேன். நானே திருத்திய வரி. 'தீக்காயம் ஏற்பட்டால் உடனடியாக மருத்துவரை அணுகவும்.' அவ்வளவுதான். அணுகும் வரை என்ன செய்வது என்று அதில் இல்லை. எனக்கும் தெரியவில்லை. பேஸ்ட்டைத் தடவி, துணியைச் சுற்றி, ஸ்கூட்டரில் உட்கார வைத்து அனுப்பினோம். தோட்டத்துக் குழாய் பத்தடியில் சொட்டிக்கொண்டிருந்தது.

டியூட்டி டாக்டர் சின்னப் பெண். பேஸ்ட்டைச் சுரண்டி எடுக்கும்போது குழந்தை இரண்டாவது தடவை அலறியதாம். டாக்டர் யாரையும் திட்டவில்லை என்று அப்பா சொன்னார். "குழாயைத் திறந்து காலை இருபது நிமிஷம் காட்டிட்டு வந்திருந்தா, இவ்வளவு ஆழம் போயிருக்காது சார்" என்று மட்டும் சொன்னாராம். ஐஸ் வேண்டாம், பேஸ்ட் வேண்டாம், இங்க் வேண்டாம், சாதாரணக் குழாய்த் தண்ணீர். கையில் பட்டால் வீங்குவதற்கு முன்னால் வளையல், மோதிரத்தைக் கழற்ற வேண்டும். ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது. அப்புறம் சுத்தமான துணியால் மூடிக்கொண்டு ஆஸ்பத்திரி. பத்து வயசுப் பையனுக்குக்கூட மனப்பாடம் ஆகிவிடும், நோட்டீஸில் இருந்திருந்தால்.

குழந்தை ஒன்றரை மாசம் நொண்டினாள். இப்போது ஓடுகிறாள். அடிப்பாதத்தில் கோடு மாதிரி ஒரு தழும்பு இருக்கிறது, ரிப்பன் கட்டின மாதிரி என்று எனக்குக் காட்டினாள்.

'மாசில்லா' என்ற பாதியையும் முடித்துவிடுகிறேன், அதில் அதிகம் இல்லை. 'இயற்கையைக் காப்போம், சுற்றுச்சூழல் பேணுவோம்' என்று இரண்டு வரி, யாரும் எதிர்த்து ஓட்டுப் போட முடியாத வரிகள். தீபாவளிக்கு மறுநாள் எங்கள் கட்டடத்தில் நிஜமாக நடக்கிற நாசம் என்னவென்றால், முப்பத்தாறு வீட்டு எண்ணெய்ச் சட்டியும் சமையலறைத் தொட்டியில் கவிழ்க்கப்பட்டு, குழாயில் உறைந்து, பிளம்பர் வருகிறார். பொரித்த எண்ணெயை ஆறவைத்து ஒரு கேனில் சேர்த்தால் வாங்கிப்போக ஆள் இருக்கிறது. அதிலிருந்து பயோ டீசல் செய்கிறார்கள், மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் திட்டமே இருக்கிறது. பட்டாசுக் குப்பையைத் தனியாகக் கட்டி வைத்தால் சென்னை மாநகராட்சி தனியாகவே எடுத்துப்போய் கும்மிடிப்பூண்டிக்கு அனுப்புகிறது, அது ரசாயனக் குப்பை என்பதால். வாழைப்பட்டையோடும் மிக்சர் கவரோடும் சேர்த்துக் கூட்டினால் அதற்கு வழியில்லை. இதையெல்லாம் எழுத இரண்டு வரி போதும், இயற்கை பேணுகிற அதே இரண்டு வரி.

தலைப்பைப் பற்றியும் ஒன்று. 'விபத்தில்லா தீபாவளி' நம் காம்பவுண்டு கேட்டில் ஆரம்பிப்பதாக இந்த நோட்டீஸ் நினைக்கிறது. 2012 செப்டம்பர் 5-ம் தேதி, தீபாவளிக்கு இரண்டு மாசம் இருக்கும்போதே, சிவகாசிக்குப் பக்கத்தில் முதலிப்பட்டியில் ஒரு தொழிற்சாலை வெடித்து நாற்பது பேர் அளவில் செத்துப்போனார்கள். உதவி செய்ய ஓடி வந்த ஊர்க்காரர்களும் அதில் உண்டு. அப்புறமும் ஏறக்குறைய ஒவ்வொரு வருஷமும் விருதுநகர் மாவட்டத்திலிருந்து சேதி வருகிறது. அதற்காகப் பட்டாசே வாங்காதே என்று நான் சொல்ல மாட்டேன், வாங்காவிட்டால் அங்கே அடுப்பு எரியாது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு ஒரு பதில் என்னிடம் இல்லை. ஆனால் நோட்டீஸில் சிவகாசி என்ற சொல்லே இல்லாதது உறுத்துகிறது. பட்டாசு மரத்தில் காய்க்கிற மாதிரி எழுதியிருக்கிறார்கள்.

இதற்கு நேர் எதிரான படைப்பு சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது. வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி. கண்மாயில் பறவைகள் வந்து கூடு கட்டுகிற காலம் என்று அந்த ஊரில் பல பத்து வருஷமாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வனத்துறைக்காரர்கள் இனிப்போடு போய் நன்றி சொல்வது வழக்கம். அங்கே அறிவுரைகள் பதினைந்து கிடையாது. கண்மாயில் இருக்கிற குஞ்சுகள் பயப்படும், அதனால் நாம் வெடிப்பதில்லை. இந்த வாக்கியத்தில் எழுவாய் இருக்கிறது பாருங்கள், 'நாம்'.

இந்த வருஷ நோட்டீஸை நானே எழுதுகிறேன் என்று செகரட்டரியிடம் சொன்னேன். ஒன்பது வரி எழுதிக் கொடுத்தேன். காலை ஆறு முதல் ஏழு, மாலை ஏழு முதல் எட்டு. பாம்பு மாத்திரை வேண்டாம். செருப்பு கட்டாயம். எரிந்த கம்பி வாளிக்குள். பற்றாத வெடியைத் தொடாதே. சுட்டுக்கொண்டால் குழாய்த் தண்ணீர், இருபது நிமிஷம். எண்ணெய் கேன் மாடிப்படிக்குக் கீழே. குப்பை தனி மூட்டை. ஒன்பதாவது வரி: 'காலை 5.45-க்கு இரண்டு வாளித் தண்ணீரும் ஒரு வாளி மணலும் கேட் பக்கம் வைப்பவர்: செகரட்டரி.'

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தார்.

"எல்லாம் நல்லா இருக்கு சார். ஆனா இப்படி ஆளைக் குறிப்பிட்டு எழுதினா, நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவங்களைக் கேப்பாங்களே?"

"ஆமாம்" என்றேன்.

யோசித்தார். பேனாவை எடுத்து, 'செகரட்டரி' என்பதை அடித்துவிட்டு, அந்த இடத்தில் என் பெயரையும் ஃபிளாட் நம்பரையும் எழுதினார். ஜெராக்ஸுக்குக் கொடுத்துவிட்டார்.

தண்ணீருக்குக் குழாய் இருக்கிறது. மணலுக்குத்தான் எங்கே போவது என்று தெரியவில்லை. எங்கள் காம்பவுண்டு முழுக்க டைல்ஸ்.